பாமினியும் லினக்ஸும்: ஒரு தட்டச்சுக் கடையின் 11 வருட அனுபவம்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. தீசிஸ் அடிப்பது, பிரிண்ட், பைண்டிங், போட்டோக்கொப்பி எல்லாம் செய்கிறோம். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றபோது கடையிலிருந்த 3 கொம்பியூட்டரும் எக்ஸ்பியில்தான் ஓடின. புதிது வாங்கக் கையில் காசில்லை. மாணவர் கொண்டுவரும் பென்ட்ரைவ்களோடு வைரஸும் வந்துகொண்டே இருந்தது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின், அந்த வருடம் வெளிவந்த 17ஆம் பதிப்பை டிவிடியில் எழுதி, முதலில் ஒரு மெஷினில் மட்டும் போட்டுப் பார்த்தேன். இன்றைக்கு கடையில் 5 மெஷின். 4இல் மின்ட், 1இல் விண்டோஸ்.

சாதாரண வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 4 ஜிபி ராம் உள்ள பழைய மெஷினுக்கு ஒரு எஸ்எஸ்டி போட்டால் நாள் முழுக்கத் தடையில்லாமல் ஓடும். பென்ட்ரைவ் வைரஸ் தொல்லை எங்களுக்கு அன்றோடு முடிந்தது. என் விரலுக்குப் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகை கிடைக்குமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. எம்17என் என்ற இலவசத் தொகுப்பில் அது இருந்தது. யாரோ ஒருவர் இலங்கைத் தட்டச்சாளரை நினைத்து, அந்த விசை அமைப்பை எழுதிச் சேர்த்திருக்கிறார். அவர் யாரென்று தெரியாமலே 11 வருடமாக அவருடைய உழைப்பில் சாப்பிடுகிறேன்.

இனி பாமினிக்கு வருவோம். நம்மூரில் தட்டச்சு என்றால் பாமினி எழுத்துருதான். திரையில் ‘தமிழ்’ என்று தெரியும், ஆனால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற 4 ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். வசனத்தின் முதலெழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதியை அணைக்காவிட்டால், சின்ன எம் பெரிய எம் ஆகி, ‘அம்மா’ ‘ஆம்மா’ ஆகிவிடும். எழுத்துரு இல்லாத மெஷினில் முழுவதும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். கூகுளில் தேடினால் அகப்படாது. தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக்குறி ஒதுக்கி, இந்தத் தொல்லையெல்லாம் இல்லாமல் செய்யும் பொது முறைதான் யூனிகோட்.

2019இல் ஓர் இரவு, கடை பூட்டும் நேரம், ஒரு பிள்ளை ஓடிவந்தா. “அண்ணை, 140 பக்கம். யூனிகோட்டில தரச் சொல்லிட்டினம். நாளைக்குக் காலமை குடுக்க வேணும்.” இணையத்தில் கிடைத்த மாற்றியில் முழுவதையும் ஒட்டினேன். தமிழ் தமிழாகத்தான் வந்தது. ஆனால் இடையிடையே இருந்த ஆங்கிலப் பெயர்களும் நூற்பட்டியலும் அர்த்தமில்லாத தமிழாக மாறிவிட்டன. மாற்றிக்கு இரண்டும் ஒரே ஆங்கில எழுத்துத்தானே. விடிய 4 மணி வரை அந்தப் பிள்ளையும் நானும் பக்கம் பக்கமாக இருந்து திருத்தினோம். அடிக்குறிப்புகளில் கொஞ்சம் பிழையோடுதான் ஒப்படைத்தா. அது எனக்குப் பல நாள் மனதை அரித்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடை பூட்டிக் கிடந்தபோது பைத்தான் என்ற நிரல் மொழியைப் படித்தேன், அதுவும் இலவசப் பாடங்களில். வேர்டில் சேமிக்கும் டாக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஸிப் பொதி, உள்ளே ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த எழுத்துரு என்று எழுதியிருக்கும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். அந்த வடிவத்தின் விவரணம் 2006இலேயே திறந்த தரமாக வெளிவந்தது, யாரும் வாசிக்கலாம். அந்தக் கோப்புகளைப் பைத்தானில் திறந்து மாற்ற, யாரோ பைத்தான்-டாக்எக்ஸ் என்ற நிரல் தொகுப்பை எழுதியிருந்தார்கள். பாமினியை யூனிகோட் ஆக்கும் அட்டவணை ஓப்பன் தமிழ் என்ற தொகுப்பில் இருந்தது. நான் செய்தது அவற்றை இணைத்ததுதான்: எழுத்துரு பாமினியாக இருக்கும் இடத்தை மட்டும் மாற்று, ஆங்கிலத்தைத் தொடாதே. மூன்று கிழமையில் ஓடியது.

அதை ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் இணையத்தில் போட்டேன். யாரும் எடுத்துத் திருத்தலாம், ஆனால் திருத்தி மற்றவருக்குக் கொடுப்பவர் மூல நிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பக்கத்துச் சந்தியில் கடை வைத்திருக்கும் ஓர் ஐயா கவலையோடு கேட்டார்: “தம்பி, தொழில் நுணுக்கத்தை ஏன் எல்லாருக்கும் குடுக்கிறாய்? பிள்ளையள் உன்னட்டை வர மாட்டினம்.” நியாயமான கேள்விதான். எனக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது.

2 மாதம் கழித்து மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதினார். என் கருவி ‘வெளியீடு’ என்ற சொல்லைக் கெடுக்கிறது என்றார். பார்த்தால் உண்மைதான். பாமினியில் ‘கௌரவம்’ அடிக்கும்போது ஔகாரத்துக்கென்று தனிக்குறி கிடையாது, கொம்பும் ளகரமும்தான். நான் கொம்பும் ளகரமும் வந்த இடமெல்லாம் ஔகாரமாக்கிவிட்டேன். அதனால் ‘வெளி’யில் ‘வௌ’ வந்து, பின்னால் இகரக் குறி ஒட்ட இடமில்லாமல் புள்ளி வட்டத்தில் தொங்கியது. நம் செய்தித் தளங்களில் இந்தப் பிழையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் சொன்ன வழி மிக எளியது: ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ளகரமேதான், விட்டுவிடு. ஒன்றும் வராவிட்டால் ஔகாரமாக்கு. ‘வெள்ளம்’, ‘தெளிவு’, ‘மௌனம்’, ‘பௌத்தம்’ எல்லாம் சரியாகின. 20 வருடம் தட்டச்சு செய்த எனக்குத் தோன்றாத விதி அது. பூட்டி வைத்திருந்தால் அந்தக் கடிதம் வந்திருக்காது, என் வாடிக்கையாளரின் தீசிஸ்களில் ‘வெளி’ இன்னும் உடைந்தே கிடந்திருக்கும். இப்போது அந்த ஐயாவின் கடையிலும் அதே கருவிதான் ஓடுகிறது. எனக்கு வேலை குறையவில்லை. மாற்றிக் கொடுப்பதற்குத் தனியாகக் காசு வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

குறைகளும் இருக்கின்றன. பெரியது பிரிண்டர். 2016இல் விலை மலிவென்று வாங்கிய ஒரு லேசர் பிரிண்டர் தன் மொழியை வெளியில் சொல்லாத ரகம். கிடைத்த டிரைவர் அடுத்த பதிப்பு மின்ட்டில் நின்றுபோனது. இன்றும் அந்த ஒரு விண்டோஸ் மெஷின் கடையில் இருப்பது அதற்காகத்தான். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 1983இல் அதற்கான குனூ திட்டத்தை அறிவிப்பதற்கு முன், எம்ஐடி ஆய்வுகூடத்தில் காகிதம் சிக்கும் பிரிண்டரின் மூல நிரலைக் கேட்டு மறுக்கப்பட்ட கதையைப் பின்னால் வாசித்தபோது, எனக்குச் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு, போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பிசிஎல் என்ற பொதுவான பிரிண்டர் மொழி தெரிந்த பிரிண்டர்தானா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன்.

வேர்டுக்குப் பதிலாக நாங்கள் பாவிக்கும் லிப்ரே ஆபீஸில் திறக்கும் டாக்எக்ஸில் அட்டவணைகள் சிலவேளை அடுத்த பக்கத்துக்குத் தள்ளும். கடைசிப் பிரிண்டுக்குப் பிடிஎஃப் கேட்டு வாங்குங்கள். தமிழ் எழுத்துப்பிழை திருத்தி இன்னும் போதாது. விகுதிகள் அடுக்கிவரும் சொல்லைக் கண்டால் சரியானதையும் சிவப்புக் கோடு போடும்.

2022ஐச் சொல்லாமல் விட முடியாது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தாண்டியது. மாதச் சந்தா கட்டி மென்பொருள் பாவித்த நண்பர்கள் திணறினார்கள். எங்களுக்கு அந்தச் செலவே இல்லை. கரண்டோடு நெட்டும் போகும்போது, நெட் இல்லாமல் வாசிக்க உதவும் கிவிக்ஸ் என்ற செயலியில் இறக்கி வைத்த தமிழ் விக்கிப்பீடியா லப்டொப்பில் திறந்தது. 2003இல் தொடங்கிய அதற்கு அடித்தளமிட்டவர்களில் முன்னவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். பள்ளிப் பிள்ளைகள் கடை வாங்கிலில் இருந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு விஷயத்தில் எனக்கு உண்மையாகவே மனவருத்தம். தமிழில் தொழில்நுட்பம் சொல்பவர்கள் கூடியிருக்கிறார்கள், ஆனால் எழுதுபவர் குறைவு. 11 நிமிட வீடியோவில் ஒரே ஒரு கட்டளைதான் இருக்கும். அதைப் பிரதி எடுத்து ஒட்டவும் முடியாது, தேடிப் பிடிக்கவும் முடியாது, டேட்டாவும் போய்விடும். இன்னும் சிலர் “இன்பொக்ஸ் வாங்கோ, சொல்லுறன்” என்பார்கள். கேட்ட ஒருவருக்குப் பதில் கிடைக்கும். நாளைக்கு அதே பிரச்சினையோடு வருபவர் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். தயவுசெய்து 4 வரி என்றாலும் எழுத்தில் போடுங்கள். நான் தீர்த்த பிரச்சினைகளை 2021இலிருந்து தமிழில் எழுதி வைக்கிறேன், இதுவரை 37 குறிப்பு சேர்ந்திருக்கிறது. கடைக்கு வருபவர் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டும் போகலாம்.

2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவும் நின்றுவிட்டது. நல்லாய் ஓடும் லப்டொப்பை எறிவதா என்று கிழமைக்கு 2 பேராவது கேட்டு வருகிறார்கள். எறிய வேண்டாம். மின்ட்டை ஒரு பென்ட்ரைவில் எழுதி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட விட்டுப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, உங்கள் பிரிண்டர் ஒரு பக்கம் அடிக்கிறதா, பழைய பாமினிக் கோப்பு திறக்கிறதா என்று மூன்றையும் சோதியுங்கள். பிரிண்டர் அடிக்காவிட்டால் மாற்ற அவசரப்படாதீர்கள், மாடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு கடைக்கு வாருங்கள்.