பழைய மதர்போர்டில் புதிய எஸ்எஸ்டி: டபிள்யூடி பிளாக் எஸ்என்770

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்டிங் டிசைன் செய்து கொடுப்பது என் தொழில். பையர் கேட்கும் நிறமாற்றங்களையெல்லாம் லேயர் லேயராக அடுக்கினால் ஒரு ஃபோட்டோஷாப் கோப்பே 2 ஜிபியைத் தொட்டுவிடும். அதைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துத் திரும்பும் அளவுக்கு என் பழைய ஹார்ட் டிஸ்க் தளர்ந்திருந்தது. ஆகவே 2024 தொடக்கத்தில், கோவை காந்திபுரத்துக் கடை ஒன்றில் ஏறத்தாழ 6,000 ரூபாய் கொடுத்து வெஸ்டர்ன் டிஜிட்டல் (டபிள்யூடி) நிறுவனத்தின் 1 டிபி எஸ்என்770 எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ்) வாங்கி வந்து, நானே பொருத்திக்கொண்டேன்.

கடைக்காரர் பெட்டியில் அச்சிட்டிருந்த 5,150 என்ற எண்ணைக் காட்டி, "இதுக்கு மேல வேகம் எதுக்குங்க?" என்றார். என்னிடம் எந்த மதர்போர்டு இருக்கிறது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நொடிக்கு 5,150 மெகாபைட் என்பது பிசிஐஇ 4.0 (டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் தடத்தின் நான்காம் தலைமுறை) ஸ்லாட்டில் கிடைக்கும் உச்ச வாசிப்பு வேகம், என்னுடையதோ 3.0 வரை மட்டுமே போகும் பி450 போர்டு. அதில் எவ்வளவு வேகமான டிரைவைப் போட்டாலும் 3,500ஐ ஒட்டி நின்றுவிடும். நான் அளந்தபோது 3,400 வந்தது. நாளை மதர்போர்டை மாற்றினாலும் இதே டிரைவைக் கழற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்பதால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எம்.2 (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் மெல்லிய பட்டை) வடிவிலேயே, ஹார்ட் டிஸ்க்குகளுக்கான பழைய சாட்டா இணைப்பில் ஓடும் வகையும் உண்டு, அது 550ஐத் தாண்டாது என்பதையும், சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டு செயல்படாமல் போகும் என்பதையும், காசு கொடுப்பதற்கு முன்பே கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

பொருத்துவது பத்து நிமிட வேலை. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அந்தத் துண்டைச் சற்றே சாய்த்துச் ஸ்லாட்டில் செருகினால் மறுமுனை தூக்கிக்கொண்டு நிற்கும்; அதை அழுத்திப் பிடித்து ஒரு திருகாணி போட வேண்டும். அந்தத் திருகாணி மதர்போர்டுப் பெட்டியோடு வருவது, நானோ பெட்டியை எப்போதோ பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். கடைசியில் பக்கத்துத் தெருவில் செல்போன் சரிசெய்பவர் தம் டப்பாவைக் கவிழ்த்து, நெல்மணியைவிடச் சிறிய ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

உண்மையில் நேரத்தைத் தின்றது விண்டோஸை மாற்றிய வேலைதான். நகலெடுக்கும் மென்பொருளான குளோன்சில்லாவைக் கொண்டு பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தேன். நகல் முடிந்தது, கணினி எழவில்லை. பழைய விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பகுப்பு முறையில் நிறுவப்பட்டிருந்தது. எஸ்என்770 போல பிசிஐஇ வழியே இயங்கும் என்விஎம்இ டிரைவிலிருந்து விண்டோஸ் எழ, யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையும் ஜிபிடி என்ற புதிய பகுப்பும் தேவை. விண்டோஸ் 10இலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் பழைய டிஸ்க்கை மாற்றி, பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரை) யுஇஎஃப்ஐயைத் தேர்ந்தெடுத்து, மறுபடியும் நகலெடுத்த பிறகே வேலை முடிந்தது. கோப்புகளின் காப்புப் பிரதியை வெளியே எடுத்து வைக்காமல் இதில் இறங்கவே கூடாது.

முன்பு இரண்டு நிமிடம் எடுத்த விண்டோஸ் இப்போது பதினைந்து நொடியில் வந்துவிடுகிறது. அந்த 2 ஜிபி கோப்பு ஏழெட்டு நொடியில் திறக்கிறது. அதற்குக் கீழே குறையாததற்குக் காரணம் என் பழைய பிராசசர். இந்த டிரைவில் தனியே டிராம் சிப் (எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை வைத்துக்கொள்ளும் வேக நினைவகம்) கிடையாது, கணினியின் நினைவகத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது. என் அன்றாட வேலையில் அந்தக் குறை தெரியவில்லை. ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஜிபி எழுதினால் வேகம் சில நூறு மெகாபைட்டுக்கு இறங்கும். ஐந்தாண்டு உத்தரவாதம் உண்டு. 600 டிபி எழுதும் வரை என்பது அதன் வரம்பு. நாளுக்கு 50 ஜிபி எழுதினாலும் முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும்.

கடையின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. பில்லில் டிரைவின் சீரியல் எண்ணை எழுதவில்லை. கேட்டபோது, "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க" என்றார்கள். வற்புறுத்தித்தான் எழுதி வாங்க வேண்டியிருந்தது.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடவில்லை. அது கெடுவதற்கு முன் பல நேரம் கடகடவென்று சத்தம் போட்டாவது எச்சரிக்கும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் நின்றுவிடும், அழித்த கோப்பின் இடத்தைக் காலி செய்யும் டிரிம் வசதி இயங்குவதால் தவறி அழித்த கோப்பையும் மீட்பது அரிது. அதனால் சனிக்கிழமை மாலை, ஆட்களுக்குச் சம்பளம் போட்டு முடித்ததும், அந்த வாரத்து டிசைன்களைப் பழைய டிஸ்க்கில் ஏற்றிவிட்டுத்தான் கடையைச் சாத்துகிறேன்.