சிறிய முகாம் டிரெய்லருக்கு ரிவர்ஸ் விளக்கு: மின்சாரத்தை எந்த வழியில் எடுப்பது?

வெள்ளிக்கிழமை பிற்பகல் டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து கிளம்பி, என்2 நெடுஞ்சாலையில் ஹ்லுஹ்லுவே வரை வடக்கே சென்று, அங்கிருந்து ஆர்22 வழியாகச் சோட்வானா விரிகுடாவை அடையும்போது, ஜூலை மாதமாக இருந்தால் இருட்டி வெகுநேரம் ஆகியிருக்கும். அந்த மாதத்தில் டர்பன் பக்கம் மாலை ஐந்து மணி கடந்ததுமே சூரியன் மறைந்துவிடுகிறது. சென்ற ஆண்டு அப்படி ஓர் இரவில், மரங்களுக்கு நடுவே எங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளியபோது, மனைவி கைப்பேசி விளக்கோடு நின்று வழிகாட்டியும், தண்ணீர்க் குழாய்த் தூணில் அதன் மூலை இடித்தது. பக்கியின், அதாவது டிரெய்லரை இழுக்கும் எங்கள் பிக்கப் வண்டியின், ரிவர்ஸ் விளக்குகள் எரியத்தான் செய்தன. ஆனால் அவற்றின் வெளிச்சம் முழுவதும் டிரெய்லரின் முன்பலகையிலேயே விழுந்தது. வீடு திரும்பியதும் டிரெய்லரின் பின்புறத்திலேயே இரண்டு விளக்குகள் பொருத்துவதென்று முடிவு செய்தேன்.

எந்த விளக்கு என்பதில் நீண்ட யோசனை தேவைப்படவில்லை. பழைய வகை 21 வாட் பல்புகள் இரண்டு சேர்ந்து 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் இழுக்கும். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் போய்த் திரும்பினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே வீணாகி, வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். 10 வாட் எல்இடி விளக்குகள் இரண்டு என்றால் இரண்டு ஆம்பியர்கூட ஆகாது. நீர் புகாத ஐபி67 தரத்தில், ஒளி அகலமாகப் பரவும் வகையை வாங்கிச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினேன். உண்மையான கேள்வி, அவற்றுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதுதான்.

தென்னாப்பிரிக்காவில் சிறிய டிரெய்லர்கள் பெரும்பாலும், விளக்குகளை வண்டியோடு இணைக்க, 7 முனைப் பிளக்கோடுதான் வருகின்றன. அதில் இடது வலது இண்டிகேட்டர்கள், இரண்டு டெயில் விளக்குகள், பிரேக், எர்த் (மின்சாரம் திரும்பிச் செல்லும் பொது இணைப்பு) ஆகியவை போக மிஞ்சுவது 2ஆம் முனை ஒன்றே. அது பின்புற மூடுபனி விளக்குக்கு உரியது. ஆஸ்திரேலியர்கள் தங்கள் 7 முனைப் பிளக்கில் இந்த 2ஆம் முனையைத்தான் ரிவர்ஸ் விளக்குக்கு வைத்திருக்கிறார்கள். அவர்கள் தரும் வரைபடத்தைப் பார்த்து நம் ஊரில் அப்படியே இணைத்தால், மூடுபனி விளக்கு அந்த முனையில் இணைந்திருக்கும் வண்டியில், மூய் ரிவர் மேட்டில் பனிக்காக அதைப் போட்ட நொடியே டிரெய்லரின் பின்னால் வெள்ளை விளக்கு எரியும். முன்னோக்கி ஓடும் வண்டி பின்னால் வருபவருக்கு வெள்ளை ஒளி காட்டுவது ஆபத்து, சட்டத்துக்கும் ஆகாது. ஆகவே இந்த வழியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

டிரெய்லரிலேயே ஒரு சிறிய பேட்டரியும், கையடக்க ரிமோட்டில் இயங்கும் சுவிட்சும் வைப்பது இன்னொரு வழி. மச்சானிடம் அப்படி ஒன்று இருந்தது. அதை ஒரே ஒரு வார இறுதிக்குக் கடன் வாங்கினேன் என்பதால் அதிகம் பேச எனக்கு உரிமையில்லை. பக்கியில் எதையும் தொட வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. கியரோடு தொடர்பில்லாததால் அணைக்க மறந்துவிடும் வாய்ப்பும், தேவைப்படும் இரவில் பேட்டரி வெறுமையாக இருக்கும் வாய்ப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

முறையான வழி என்று பொருத்துநர்கள் சொல்வது 13 முனைப் பிளக்குக்கு மாறுவது. அதில் 8ஆம் முனை ரிவர்ஸ் விளக்குக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது; ஒரே பிளக்கைச் செருகித் திருகினால் வேலை முடிந்தது. அண்ணன் தன் புதிய வண்டியில் ஓராண்டாக அதைத்தான் வைத்திருக்கிறார், குறை சொன்னதில்லை. ஆனால் அவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறார். அவருடைய வண்டி கடலோரத்துக்கு எப்போதாவதுதான் வருகிறது.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: 7 முனைப் பிளக்கை அப்படியே விட்டுவிட்டு, ரிவர்ஸ் விளக்குக்கு மட்டும் தனியாக இரு கம்பிக் கேபிளும் மூடியுள்ள இரு முனைப் பிளக்கும். பக்கியின் ரிவர்ஸ் விளக்குக் கம்பி ஒரு ரிலேயின் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சின்) சுருளை மட்டும் இயக்குகிறது. விளக்குகளுக்கான மின்சாரம் பக்கியின் பேட்டரியிலிருந்து, அதை ஒட்டியே வைத்த 10 ஆம்பியர் பியூஸ் வழியாக, நேராக அந்த ரிலேக்கு வருகிறது. பழைய பக்கியில் ரிலே இல்லாமலும் ஓட்டிவிடலாம். விளக்குகளைக் கணினி கண்காணிக்கும் இன்றைய வண்டிகளில் கூடுதல் சுமையை நேரடியாக இணைத்தால் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும். ரிலேயை அடிச்சட்டத்தில் மாட்டாமல், டெயில் விளக்குக்குப் பின்னால் உள்ள உலர்ந்த குழிவில் வைத்தேன்.

பார்க்க இது கூடுதல் வேலைதான், கூடுதல் கேபிளும் தொங்குகிறது. இருந்தும் இதன் பக்கம் சாய்ந்ததற்குப் பராமரிப்பு ஒன்றே காரணம், அதிலும் குறிப்பாக எர்த். நம் கடற்கரைக் காற்றில் பித்தளை முனைகளில் பச்சைப் பொடி பூக்க ஒரு பருவம் போதும். சோட்வானா மணல் அதோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 7 முனைப் பிளக்கில் எல்லா விளக்குகளின் மின்சாரமும் 3ஆம் முனை வழியாகவே திரும்புகிறது. 13 முனைப் பிளக்கிலும், ரிவர்ஸ் உட்பட முதல் எட்டு முனைகளுக்கும் அதே 3ஆம் முனைதான் எர்த். அது அரித்துப்போனால், பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலாக எரிவது போன்ற விசித்திரங்கள் தொடங்கும், ஏனெனில் திரும்ப வழியில்லாத மின்சாரம் வேறு விளக்குகளின் வழியே வழி தேடுகிறது. ஏற்கெனவே தளர்ந்த அந்த முனையில் இன்னொரு சுமையை ஏற்றுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. என் இணைப்பில் விளக்குகளுக்குத் தனி எர்த் கம்பி இருக்கிறது. அது கெட்டால் ரிவர்ஸ் விளக்கு மட்டுமே கெடும், நெடுஞ்சாலையில் பிரேக் விளக்கு கெடாது.

பழுது பார்ப்பதிலும் வேறுபாடு உண்டு. 13 முனைப் பிளக்கின் ஊசிகள் சிறியவை, நெருக்கமானவை. அவற்றை முகாமில் டார்ச் வெளிச்சத்தில் சுத்தம் செய்வது என் கண்ணுக்கு எளிதல்ல. இரு முனைப் பிளக்கை ஒரு துண்டு உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கம்பியின் மேலுறையைக் குத்திப் பிடிக்கும் நெகிழிக் கிளிப்புகளை மட்டும் டிரெய்லரின் அடியில் பயன்படுத்தக் கூடாது. குத்திய இடத்தில் ஈரம் நுழைந்து செம்பைத் தின்றுவிடும். உள்ளே பசையுள்ள வெப்பச் சுருங்கு குழாயைப் போட்டு மூடிய இணைப்புகளே நிற்கின்றன.

இன்னொரு காரணம் குடும்பம் சார்ந்தது. எங்கள் டிரெய்லர் எனக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஈஸ்டருக்குத் தம்பி எடுத்துப்போவான், டிசம்பரில் மச்சான் எடுத்துப்போவார். அவர்கள் வண்டிகளில் 7 முனைச் சாக்கெட்தான். 13 முனைக்கு மாற்றியிருந்தால் ஒவ்வொரு முறையும் அடாப்டரைத் தேட வேண்டும். தேடிக் கிடைத்தாலும் அதன் வழியாக ரிவர்ஸ் விளக்கு எரியாது. இப்போது அவர்கள் என் கூடுதல் பிளக்கைச் செருகாமல் கட்டிவைத்துவிட்டு, மற்ற விளக்குகளோடு வழக்கம்போலப் போகிறார்கள்.

என் இணைப்புக்கு இன்னும் ஒரு கோடைகூட முழுதாக முடியவில்லை, ஆகவே இது பத்தாண்டு நிற்கும் என்று சொல்லமாட்டேன். ஒரே வண்டி மட்டும் இழுக்கும், குளிர்பெட்டியும் உள் பேட்டரியும் உள்ள கேரவனாக இருந்தால் நானே 13 முனையைத்தான் எடுத்திருப்பேன். அதன் 9, 10ஆம் முனைகள் அவற்றுக்கு மின்சாரம் தரவே இருக்கின்றன, அவற்றுக்கு எர்த்தும் தனித்தனி.