டோலோவா, புரூஃபனா? மழைக்காலக் காய்ச்சலுக்கு எது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மெடிக்கல்களில் ஒரே பாட்டுதான்: "அண்ணே, ஜொரத்துக்கும் ஒடம்பு வலிக்கும் நாலு மாத்திரை குடுங்க." என்ன மாத்திரை என்று கேட்பவரும் சொல்வதில்லை, கொடுப்பவரும் சொல்வதில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. டோலோ, குரோசின், கால்பால் எல்லாம் பாராசிட்டமால். புரூஃபன் என்பது ஐபுபுரூஃபன். காய்ச்சலையும் வலியையும் இரண்டுமே தணிக்கும்.

அப்புறம் ஏன் அலசல்? டெங்குதான் காரணம். தெருவில் தேங்கிய மழைத்தண்ணீர் வடிவதற்குள் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு வந்துவிடுகிறது. முதல் இரண்டு நாள் அது டெங்குவா, சாதாரணக் காய்ச்சலா என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. டெங்குவில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும். ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் மிச்சமிருக்கும் தட்டணுக்களையும் வேலை செய்யவிடாது, வயிற்றையும் புண்ணாக்கும். ரத்தக்கசிவுக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி. அதனால் மழைக்காலக் காய்ச்சலுக்கு என் ஓட்டு பாராசிட்டமாலுக்கு மட்டும். மூன்றாம் நாளும் காய்ந்தால் ரத்தப் பரிசோதனை.

ஆனால் பல்வலி, சுளுக்கு, மாதவிலக்கு வலி என்றால் கதை வேறு. வீக்கத்தைப் பாராசிட்டமால் பெரிதாகத் தொடாது, அங்கே ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராம் கெட்டிக்காரன். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இரண்டும் கலந்த மாத்திரையும் உண்டு, காம்பிஃப்ளாம் போல: ஐபுபுரூஃபன் 400, பாராசிட்டமால் 325. எனக்குப் பிடிக்காது. டெங்கு பயமும் சேர்ந்தே வருகிறது, கணக்கும் குழம்புகிறது.

கணக்கு குழம்பினால் என்ன ஆகும் என்று போன கார்த்திகையில் வீட்டிலேயே பார்த்தேன். அப்பா காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை நாலு வேளை போட்டுக்கொண்டிருந்தார், 2,600. மூக்கொழுகுகிறது என்று சளி மாத்திரையும் மூன்று வேளை. அதிலும் 500 பாராசிட்டமால் இருந்தது, 1,500. கூட்டினால் 4,100. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000தான், அதைத் தாண்டினால் ஈரலுக்கு ஆபத்து. பெண்ணையாறு தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வரும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த வரம்பு இன்னும் கீழே.

விலையைப் பொறுத்தவரை பிராண்டுக்காகக் கூடுதலாகக் கொடுக்க அவசியமில்லை. மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் அதே மருந்து மலிவாகக் கிடைக்கிறது.

அப்பாவிடம் "என்ன மாத்திரைப்பா இது?" என்று கேட்டபோது அட்டையைத் திருப்பிக் காட்டினார். கடையில் கத்தரியால் நறுக்கியதில் "mol" என்ற மூன்று எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. இப்போதெல்லாம் பெயர் இருக்கும் பக்கமாக வெட்டித் தரச் சொல்லி வாங்குகிறேன்.