டெக்ஸ் ஏவரியா, சக் ஜோன்ஸா?

அமெரிக்கக் கார்ட்டூன் இயக்கத்தைக் கற்க விரும்புவோர் முதலில் யாருடைய படங்களைப் பார்ப்பது என்ற கேள்வி எழும்போது, டெக்ஸ் ஏவரி, சக் ஜோன்ஸ் ஆகிய இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எளிதன்று. 1935இல் வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களை ஏவரி இயக்கத் தொடங்கியபோது அவருடைய குழுவில் வரைந்த இளைஞர்களுள் ஜோன்ஸும் ஒருவர்; ஆகவே இது ஏறத்தாழ ஆசானையும் மாணவரையும் ஒப்பிடுவதாகும், வயதில் ஐந்தாண்டு இடைவெளிகூட இல்லையென்றாலும்.

1940இல் பக்ஸ் பன்னி என்ற முயல் பாத்திரத்துக்கு நிலையான குணம் தந்த ஏவரி, அடுத்த ஆண்டே வார்னரை விட்டு விலகி, பின்னர் எம்ஜிஎம் படநிறுவனத்தில் தம் கற்பனையை முழுமையாக அவிழ்த்துவிட்டார். அங்கே அழகியைக் கண்ட ஓநாயின் கண்கள் முகத்தைவிட்டு முன்னே பாயும். உடலுக்கென எந்த விதியும் கிடையாது.

ஜோன்ஸோ 1938 முதல் 1962 வரை, ஒரு சிறு இடைவெளி நீங்கலாக, வார்னரிலேயே இயக்குநராக இருந்தார். 1949இல் அவரும் கதாசிரியர் மைக்கேல் மால்டீஸும் உருவாக்கிய கொயோட்டி என்ற காட்டுநாய்ப் பாத்திரம், மலைவிளிம்பைத் தாண்டியபின் உடனே விழுவதில்லை. கீழே பார்க்கிறது, நம்மைப் பார்க்கிறது, காதுகள் தொங்குகின்றன, பிறகே விழுகிறது. சிரிப்பு விழுவதில் இல்லை, அந்தப் பார்வையில் இருக்கிறது.

ஜோன்ஸுக்கு 1996இல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. பிற்காலத்தில் விளம்பரப் படங்களும் எடுத்த ஏவரி 1980இல் மறைந்தார். விருதை வைத்து அளப்பது ஏவரிக்கு அநீதி. ஆயினும் நேரக்கணக்கையும் முகபாவத்தையும் பயில்வதற்கு ஜோன்ஸிடமிருந்து தொடங்குவதே நல்லது. ஏவரியின் அத்துமீறல்களைப் பின்பற்ற முயன்றவர்கள் பெரும்பாலும் இரைச்சலையே எடுத்துக்கொண்டனர்.