ட்ராவியன்: சண்டை என்று நினைத்துப் போனால் வீட்டுக் கணக்கு

போர் விளையாட்டு என்று சொல்லித்தான் டொரன்டோவில் இருக்கிற மச்சான் என்னை இதற்குள் இழுத்துவிட்டான். நாலு மாதமாக விளையாடுகிறேன், வாளைத் தொட்ட நேரத்தை விட தானியக் கணக்குப் பார்த்த நேரம்தான் கூட. 2004இல் ஜெர்மனியில் தொடங்கிய பழைய விளையாட்டு, பிரவுசரிலேயே ஓடும், அதனால் என்னுடைய கிழட்டு லாப்டொப்பும் தாங்குகிறது.

தொடங்கியதும் ஒரு ஊர் கையில் தருவார்கள். வெளியே 18 நிலங்கள்: மரம் 4, களிமண் 4, இரும்பு 4, தானியம் 6. உள்ளே களஞ்சியம், சந்தை, படைமுகாம் என்று நாங்கள்தான் கட்ட வேண்டும். எதைக் கட்டினாலும் சனத்தொகை ஏறும், ஏறுகிற சனம் தானியம் தின்னும், படை அதற்கு மேல் தின்னும். புதுசாக வருகிறவர்கள் ஓடிப்போய் முதலில் படைமுகாம் கட்டுவார்கள், நானும் கட்டினேன், வீண் வேலை. முதலில் நிலங்களை ஒரே மட்டமாக உயர்த்துங்கள். களஞ்சியம் ஆரம்பத்தில் ஒவ்வொன்றிலும் 800 தான் கொள்ளும், நிரம்பிவிட்டால் அதற்குப் பிறகு விளைவதெல்லாம் தண்ணீரில் போட்ட மாதிரி. படுக்கப் போக முதல் எல்லாவற்றையும் செலவழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டியூட்டன் இனத்தை எடுத்த பக்கத்து ஊர்க்காரன் விடிய முதல் வந்து அள்ளிக்கொண்டு போவான்.

நான் எடுத்தது கோல் இனம். ஃபாலங்ஸ் என்கிற காலாட்படை வீரன் ஒருவனைப் பயிற்ற மரம் 100, களிமண் 130, இரும்பு 55, தானியம் 30. அதனால் எனக்கு எந்நாளும் களிமண் பஞ்சம், இரும்பு மட்டும் குவிந்து கிடக்கும். சந்தையில் இரும்பு தருகிறேன், களிமண் தா என்று போட்டுவிட்டுக் காத்திருக்கலாம், ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை மாதிரி நின்று பேரம் பேசுகிற சுகம் இல்லை.

நல்லூர்த் தேரன்று நடந்ததைச் சொல்கிறேன். தானியம் கையிருப்பு 700, மணிக்கு 110 குறைகிறது. கணக்குப் போட்டால் ஆறு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. காலை நாலு மணிக்குக் குளித்துவிட்டு கோயிலுக்குப் போனவன், வெயில், சனம், தண்ணீர்ப் பந்தல் எல்லாம் முடிந்து வீடு வர இரண்டு மணி. களஞ்சியம் பூச்சியம். படை பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது, ஒரு எதிரியும் வரவில்லை! விளையாட்டைக் குறை சொல்ல முடியாது, சிட்டர் என்று ஒரு வசதியே இருக்கிறது, நம்பிக்கையான ஒருவர் எங்கள் கணக்குக்குள் வந்து பார்த்துக்கொள்ளலாம். நான் நாலு மணிக்குக் கிளம்பும்போது மச்சானுக்கு அங்கே பின்னேரம் ஆறரை, சும்மாதான் இருந்திருப்பான். சொல்ல மறந்துவிட்டேன்.

தங்க விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுத்து தங்கம் வாங்கினால் என்பிசி வணிகர், அதாவது விளையாட்டே நடத்துகிற வியாபாரி, உங்கள் இரும்பை அந்த நொடியே களிமண்ணாக்கித் தருவார். நான் இரண்டு நாள் சந்தையில் காத்திருக்க, காசுக்காரன் ஒரு கிளிக்கில் முடித்துவிடுவான். தங்கம் இல்லாமலும் விளையாடலாம், ஆனால் முதல் வரிசைக்கு ஆசைப்படாதீர்கள்.

இன்னொன்று, இது மாதக்கணக்கில் இழுக்கும். உலக அதிசயம் என்கிற கட்டடத்தை யாராவது 100ஆம் மட்டத்துக்குக் கட்டி முடித்தால்தான் அந்தச் சர்வர், அதாவது அந்தச் சுற்று ஆட்டம், முடியும். பரீட்சை வைத்திருக்கிற பிள்ளைகள் இந்தப் பக்கமே வரவேண்டாம். அடுத்த சர்வரில் ரோமர் எடுக்கப்போகிறேன், அவர்களுக்கு நிலமும் கட்டடமும் ஒரே நேரத்தில் ஏற்றலாம். மச்சான் தன்னை இப்போதே சிட்டராகப் போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறான், சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.