கொக்கி கையோடு வருகிறது: நான் அடித்த பாத்திர ஸ்டாண்டு, நான்கு வருடங்களுக்குப் பிறகு

சமையலறைச் சுவரில் பாத்திரங்களைத் தொங்கவிட நானே இரும்பைக் காய்ச்சி அடித்த ஸ்டாண்டு அது. போன வாரம் அதன் இடது பக்கத்து போல்ட் ஆட்டம் கண்டது. இறக்கி வைத்துச் சுவரைச் சரிசெய்ய மூன்று நாள் ஆனது. அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் கேட்டார், “எனக்கும் இதே மாதிரி ஒன்று அடித்துத் தருகிறீர்களா, இல்லை கடையில் ஸ்டீல் ஸ்டாண்டே வாங்கிக்கொள்ளட்டுமா?” அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மூன்றடி நீளத்தில் 25-க்கு 6 மி.மீ. பட்டை, இரண்டு தாங்கிகள், 8 மி.மீ. சதுரக் கம்பியில் ஏழு கொக்கிகள். எல்லாம் மைல்ட் ஸ்டீல், அதாவது துருப்பிடிக்கக்கூடிய சாதாரண இரும்பு. மரக்கரி உலை, காற்று ஊதக் கையால் சுற்றும் ப்ளோயர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பட்டறையில் நிற்பவன் என்பதால் முடிக்க ஐந்து வாரம் பிடித்தது.

நான்கு வருடமாக என்னைப் படுத்தி எடுப்பது கொக்கிதான். துரு இல்லை, கனம் இல்லை, கரி இல்லை. தோசைக்கல்லை எடுக்கப் போனால் கொக்கியும் சேர்ந்து கையோடு வந்துவிடும். பாதி வழியில் நழுவி அடுப்பின் மேல் ‘ணங்’ என்று விழும். ஒரு முறை கொதிக்கும் ரசத்துக்குள் விழுந்தது. “கண்ணு, பாத்திரத்த எடுத்தா இந்தக் கொக்கியும் கூடவே வருதே, இத மொதல்ல சரி பண்ணு” என்று அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

காரணம் பிடிபட எனக்கு வெகுநாள் ஆனது. கொக்கியின் நுனியைக் கூராக நீட்டி, அந்தக் கூரைச் சின்னச் சுருளாக மடித்துவிடுவது வழக்கம். கையைக் கீறாது, பார்க்கவும் அழகு. ஏழு சுருளையும் ஒரே அளவில் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் தோசைக்கல் கைப்பிடியின் ஓட்டை சிறியது. கல்லைத் தூக்கும்போது அந்தச் சுருள்தான் ஓட்டையில் மாட்டிக்கொள்கிறது. மேல் முனையோ நான் அகலமாக, வட்டமாக வளைத்தது. 6 மி.மீ. கனமுள்ள பட்டையை 30 மி.மீ. வளைவு எப்படிப் பிடிக்கும்? கீழே சிக்குகிறது, மேலே பிடிப்பில்லை. பிறகு வராமல் என்ன செய்யும்?

இறக்கியதுதான் இறக்கினோம், இதையும் முடித்துவிடலாம் என்று ஏழையும் மறுபடி உலையில் வைத்தேன். மேல் வளைவைப் பட்டையின் மேல் கச்சிதமாக உட்காரும்படி ‘ப’ வடிவில், உள்ளே 7 மி.மீ. இடைவெளி விட்டு மடித்தேன். இப்போது நேராக ஓர் அங்குலம் தூக்கினால் ஒழிய கொக்கி கழலாது. சுருளை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. அதனால் தோசைக்கல்லுக்குச் சில நாள் இன்னும் தகராறுதான். கடாய்க்குப் பிரச்சினை இல்லை, அதன் காது பெரியது.

சுவர் விஷயம். முதல் முறை துளை போட்டபோது அது செங்கல்லில் இறங்காமல் இரண்டு கல்லுக்கு நடுவே கலவையில் இறங்கியிருக்கிறது. கலவை பொடிந்து, போல்ட்டைச் சுவருக்குள் பிடித்து வைக்கும் ஆங்கர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. தப்பு சுவரில் மட்டும் இல்லை, தாங்கியிலும் இருந்தது. பாத்திரமும் ஸ்டாண்டும் சேர்த்துச் சுமார் 18 கிலோ, ஒரு தாங்கிக்கு 9 கிலோ. அது சுவரிலிருந்து 25 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. மேல் போல்ட்டுக்கும் தாங்கியின் அடி முனைக்கும் நான் விட்டிருந்தது வெறும் 10 செ.மீ. அப்படியானால் நெம்புகோல் கணக்கில் (9 × 25 ÷ 10) அந்த ஒற்றை போல்ட்டை வெளியே இழுக்கும் விசை 22 கிலோவுக்கு மேல். அடி முனையை மேல் போல்ட்டிலிருந்து 20 செ.மீ. கீழே கொண்டுபோனால் அது பாதியாகிவிடும். புதிதாக இரண்டு தாங்கி அப்படித்தான் அடித்தேன்.

போல்ட் துளைகளை ட்ரில் போடவில்லை. சிவக்கக் காய்ச்சிய பட்டையில் துளை உளியை வைத்து நாலு அடி, உளியைத் தண்ணீரில் நனைத்து மறுபடி நாலு அடி. பட்டையைத் திருப்பிப் போட்டால் சிவப்பின் நடுவே உளி நுனியின் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் தெரியும். உளியின் அழுத்தத்தில், இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லோடு ஒட்டிச் சூட்டை இழந்த இடம் அது. அங்கே குறி வைத்து ஒரே அடி, வில்லை தெறித்து விழும். துளையைச் சுற்றி இரும்பு லேசாகப் பிதுங்கி நிற்கும். ட்ரில்லில் அந்த இரும்பு துருவலாகக் குப்பைக்குப் போயிருக்கும், இங்கே வில்லை போக மீதி பட்டையிலேயே தங்கிவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

சூடாக இருக்கும்போதே தேன்மெழுகும் ஆளிவிதை எண்ணெயும் தடவியிருந்தேன். அடுப்புப் பக்கம் இன்றும் கருகருவென்று மின்னுகிறது. சிங்க் பக்கத்து ஓரத்தில் மட்டும் வருடத்துக்கு இரண்டு முறை செந்துரு எட்டிப் பார்க்கும். தேய்த்து, எண்ணெய் போட்டால் சரி.

நான் எதிர்பார்க்காதது ஒன்று உண்டு. முன்பு இரும்புக் கடாய்கள் அலமாரியில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். அடியில் இருப்பதில் எப்போதும் ஈர வட்டமும் துருவும். மாட்ட ஆரம்பித்த பிறகு ஒரு கடாயிலும் துரு வரவில்லை. துடைத்து மாட்டினால் பத்து நிமிடத்தில் உலர்ந்துவிடுகிறது. கழற்றி வைத்த அந்த மூன்று நாளும் அம்மா காலையில் கேட்டது ஒரே கேள்வி: “எப்பக் கண்ணு மாட்டுவே?”

சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? ஸ்டீல் ஸ்டாண்டே வாங்குங்கள் என்றேன். விலை குறைவு, துடைத்தால் போதும், கொக்கி ரசத்தில் விழாது. அடித்துச் செய்வதற்கு ஆகும் கரியும் நாளும் கணக்குப் போட்டால் கட்டவே கட்டாது. இதை இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ராத்திரி அவருக்குப் போன் செய்தேன். ஞாயிறு காலை வாருங்கள். கம்பி நானே வாங்கி வைக்கிறேன், வீட்டில் கிடக்கும் ஜி.ஐ. கம்பி எதையும் கொண்டுவர வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சு உலைச் சூட்டில் புகைந்து காய்ச்சல் வரவைத்துவிடும். தோசைக்கல்லை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள். இந்த முறை கைப்பிடி ஓட்டையை அளந்த பிறகுதான் கொக்கியை வளைப்பேன்.