ஸ்வீப்பா, பிங்க் நாய்ஸா?

அறையில் ஸ்பீக்கரை அளக்க உட்கார்ந்தால், முதலில் எனக்கு ஸ்வீப்தான். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஒரே இழுப்பில் ஏறுகிற சைன் ஒலி அது. அந்த ஒரு பதிவிலிருந்தே அறையின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (ஒரு சின்ன 'டிக்' ஒலிக்கு அறை நேரப்போக்கில் தரும் பதில்) கிடைத்துவிடும். எந்த பேஸ் (தாழ்ந்த ஒலி) அடங்காமல் இழுக்கிறது, எதிரொலி எப்போது வருகிறது, ஸ்பீக்கரின் ஹார்மானிக் டிஸ்டார்ஷன் (மூல ஒலியில் இல்லாமல் ஸ்பீக்கரே சேர்க்கும் மடங்கு அதிர்வெண்கள்) எவ்வளவு என்று எல்லாம் தனித்தனியாகப் பிரியும். ஃபேன் சத்தம் தொந்தரவு செய்தால் ஸ்வீப்பின் நீளத்தை இரட்டிப்பாக்குங்கள், சுமார் 3 டெசிபல் லாபம். நடுவில் யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் மட்டும் மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

பிங்க் நாய்ஸ் என்பது எல்லா அதிர்வெண்களும் கலந்த தொடர் இரைச்சல். அதில் ஒவ்வொரு ஆக்டேவிலும் (அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளி) சம ஆற்றல். மைக்கை உட்காரும் இடத்தைச் சுற்றி மெல்ல நகர்த்திச் சராசரி எடுக்கலாம், ஈக்யூவை (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்) திருகும்போதே கோடு அசைவதைப் பார்க்கலாம். ஆனால் இந்த ஆர்டிஏ (அதிர்வெண் வாரியான அளவை உடனுக்குடன் காட்டும் கருவி) கோட்டில் எதிரொலி நேரம் தெரியாது.

அப்புறம் சேனல். இடது தனியாக, வலது தனியாக, கடைசியில்தான் இரண்டும். இரண்டிலும் ஒரே ஸ்வீப்பை விட்டால், மைக் சற்றே ஓரமாக இருந்தாலும் உயர் அதிர்வெண்களில் சீப்புப் பல் மாதிரி பள்ளங்கள் விழும். அதைப் பார்த்து ஈக்யூ போடாதீர்கள். சப்வூஃபரை (பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) எல்எஃப்இ சேனலில், அதாவது படங்களின் தாழ்ந்த ஒலிக்கான தனிச் சேனலில், அளந்தால் ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) 10 டெசிபல் கூட்டிக் கொடுக்கும். கிராஸ்ஓவர் சேர்க்கையை, அதாவது ஸ்பீக்கரும் சப்வூஃபரும் அதிர்வெண்ணில் கைமாறும் இடத்தில் எப்படிச் சேர்கின்றன என்பதைப் பார்க்க இடது சேனல் வழியாகவே அனுப்புங்கள்.